குளியலறை வெந்நீர்க் கருவியின் கோளாறுகள்



தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு வெந்நீர் என்றால் அடுப்பும் அண்டாவும்தான். காய்ந்த பால்மரக் கட்டையை வைத்துத் தண்ணீரைக் காய்ச்சுவோம். விரலை நனைத்துப் பார்த்துப் பச்சைத் தண்ணீரை விளாவிக் குளிப்போம். சூடு அதிகமா குறைவா என்பதை நம் கையே சொல்லிவிடும்.

இன்று தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. 1995ஆம் ஆண்டு முதல் எழும்பிய புத்ராஜெயா நகரமே முன்பு பிராங் பெசார் தோட்டமாக இருந்த நிலந்தான். ஸ்ரீ கெம்பாங்கான், செர்டாங், டிங்கில் வட்டாரங்களின் அடுக்குமாடி வீடுகளில் தோட்டத்துக் குடும்பங்கள் பல குடியேறியிருக்கின்றன. அந்த வீடுகளில் விளாவும் வேலையைச் சுவரில் மாட்டிய ஒரு சிறிய பெட்டி செய்கிறது. அதைத்தான் வாட்டர் ஹீட்டர் என்கிறோம். அந்தப் பெட்டி கோளாறு செய்தால் என்ன பார்ப்பது, எதைத் தொடக்கூடாது என்பதே இன்றைய பேச்சு.

என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள், "பாட்டி குளிக்கவே பயப்படுறாங்க சார்" என்றான். மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். "வாங்க வாத்தியாரய்யா" என்று வரவேற்ற பாட்டி விவரம் சொன்னார். "தண்ணி ஒரு நிமிசம் சுடுது, அடுத்த நிமிசம் சில்லுனு வருது. சூடு பத்தலேன்னு திருகைக் கூட்டினா இன்னும் மோசமாப் போகுது." பிறகு, பெரிய விஷயம் இல்லை என்பது போல, "குழாயைத் தொட்டா கை லேசா விறுவிறுங்குது" என்றும் சொன்னார்.

நேயர்களே, பாட்டி சொன்னவை இரண்டு கோளாறுகள். முதலாவது தொல்லை தருவது. இரண்டாவது உயிரைக் குடிப்பது. வீட்டார் முதலாவதற்குத்தான் வருந்திக்கொண்டிருந்தார்கள்.

முதல் கோளாற்றைப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 3.6 கிலோவாட் கருவி. அது ஒரு நிமிடத்தில் 216 கிலோஜூல் வெப்பம் கொடுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் ஓடினால் சூடு ஏறக்குறைய 13 டிகிரி ஏறும். 3 லிட்டர் ஓடினால் 17 டிகிரி ஏறும். 2 லிட்டர் மட்டுமே ஓடினால் 26 டிகிரி ஏறும். குழாய்த் தண்ணீர் 27 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், வெளியே வருவது முறையே 40, 44, 53 டிகிரியாக இருக்கும். 40 டிகிரி குளிக்க இதமானது. 53 டிகிரி தோலைச் சுட்டுவிடும்.

கருவி ஒன்றுதான், மின்சாரமும் ஒன்றுதான். தண்ணீர் ஓடும் அளவு மாறினால் சூடு மாறுகிறது. தண்ணீர் குறைந்து சூடு மிஞ்சும்போது, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உடனே பச்சைத் தண்ணீர் வரும். சூடு தணிந்ததும் பல கருவிகளில் அது தானாகவே மீண்டும் இணையும். பாட்டியின் தண்ணீர் சில்லென்று வந்ததற்குக் காரணம் சூடு போதாமை அல்ல, சூடு மிஞ்சியதுதான். திருகைக் கூட்டக் கூட்ட மோசமானதும் அதனால்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு லிட்டர் கோப்பையை ஷவரின் கீழ்ப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். 15 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 4 லிட்டர். 20 விநாடி என்றால் 3 லிட்டர். 30 விநாடி என்றால் 2 லிட்டர்தான்.

தண்ணீர் குறைவாக வந்தால் முதலில் மெயின் பெட்டியில் கருவிக்குரிய சுவிட்சை அடைத்துவிடுங்கள். பிறகு ஷவரின் தலையைக் கழற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். பழைய குழாய்களிலிருந்து வரும் துருவும் நுண்மணலும் துளைகளில் அடைத்திருக்கும். தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் சிறிய வலை வடிகட்டி உண்டு. கருவியோடு வந்த கையேட்டில் சொல்லியபடி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அதையும் கழுவலாம். இவ்வளவும் செய்து தண்ணீர் கூடவில்லையென்றால் தொட்டியைக் கவனியுங்கள். தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி வீட்டில் அழுத்தம் மிகக் குறைவு. அத்தகைய வீட்டுக்குப் பம்பு பொருத்திய கருவிதான் ஏற்றது.

மாறாக, தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாகவே இருந்தால், ஓட்டம் அதிகமாக இருக்கலாம். உள்ளே போகும் குழாயைச் சற்றுக் குறையுங்கள். வெளியே வரும் பக்கத்தை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள். நீங்கள் குளிக்கும்போது சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் ஓட்டம் குறைந்து சூடு திடீரென ஏறும். குழந்தை குளிக்கும் வேளையில் இதை மறக்க வேண்டாம். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர் தோலை ஐந்து விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். பிள்ளையின் தோலுக்கு அந்த நேரங்கூட வேண்டாம். ஆகவே முதலில் உங்கள் கையை நனைத்துப் பாருங்கள், பிறகு பிள்ளையை நிறுத்துங்கள். அண்டா காலத்துப் பழக்கம் இன்றும் நல்ல பழக்கமே.

இப்போது இரண்டாவது கோளாறு. கை விறுவிறுக்கிறது என்றால் மின்சாரம் கசிந்து தண்ணீர் வழியாகவோ குழாய் வழியாகவோ உடம்புக்குள் வருகிறது என்று பொருள். அன்று நான் செய்தது ஒன்றே. மெயின் பெட்டியில் சுவிட்சை அடைத்து, "யாரும் இதைப் போடக்கூடாது" என்று காகிதத்தில் எழுதி ஒட்டினேன். மறுநாள் வந்த வயர்மேன் பெட்டியைத் திறந்து பார்த்தார். சூடேற்றும் கம்பியின் உறை வெடித்திருந்தது. கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் கம்பியோ எதிலும் மாட்டப்படாமல் தொங்கியது.

"மெயின் பெட்டியில் பியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று பலர் கேட்பார்கள். காப்பாற்றாது. 20 ஆம்பியர் துண்டிப்பான் கம்பி தீப்பற்றாமல் காக்கத்தான் இருக்கிறது. ஆளைக் கொல்ல ஓர் ஆம்பியரில் சிறு பங்கே போதும். ஆளைக் காப்பது கசிவு துண்டிப்பான். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். சிறிது குறைந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடும். தரை நனையும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் வகை வேண்டும் என்பது நம் நாட்டு 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதி. 10 மில்லி ஆம்பியர் என்பது 20 ஆம்பியரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பாட்டியின் வீட்டில் இருந்ததோ 100 மில்லி ஆம்பியர் வகை மட்டுமே.

இந்த வேலையை நாமே செய்ய முயலக்கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் ஒப்பந்தக்காரரை அழையுங்கள். 3.6 கிலோவாட் கருவி ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும். அதைச் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது. தனிக் கம்பியும் தனிச் சுவிட்சும் தேவை. புதிதாக வாங்குகிறவர்கள் சிரிம் முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

செம்பனை ஆலையில் கொதிகலன் அருகே நின்றவர்கள் அறிவார்கள். நீர்மட்டம், அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு ஆகியவற்றைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் அங்கே எப்போதும் இருப்பார். குளிர்நாட்டு வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் கொதிகலன் உண்டு. அதையும் ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பார்க்கிறார்கள். நம் குளியலறைப் பெட்டியும் ஒரு சிறு கொதிகலனே. அதைக் கவனிக்கும் ஆள் நாம்தான்.

ஆகவே இன்றிரவு இரண்டு காரியம் செய்யுங்கள். ஷவரின் கீழ்க் கோப்பையை வைத்து விநாடிகளை எண்ணுங்கள். பிறகு கசிவு துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். சுவிட்ச் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால், வயர்மேன் வந்து பார்க்கும் வரை கருவியைப் போடாதீர்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள்.

கை விறுவிறுத்தால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்க வேண்டாம். அந்தப் பாட்டி இரண்டு வாரம் அண்டாவில் காய்ச்சித்தான் குளித்தார். இப்போது அச்சமில்லாமல் குளிக்கிறார்.

வணக்கம்.