21 மாசம் பேசாத ஜனம் ஓட்டுல பேசிச்சு

(திட்டக்குடி தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"யாருக்குப் போட்டாலும் அவங்கதாண்ணே வருவாங்க"ன்னு ஒரு தம்பி எங்கிட்ட சலிச்சுக்கிட்டான். அவனுக்காக ஒரு பழைய கணக்கைச் சொல்றேன்.

1975 ஜூன் 25 ராத்திரி நெருக்கடி நிலை. தலைவர்கள் எல்லாம் சிறையில. பத்திரிகைக்குத் தணிக்கை. 1977 ஜனவரி 18-ல இந்திரா காந்தி அம்மையார் திடீர்னு தேர்தல் அறிவிச்சாங்க. ஊரே அமைதியா இருந்துச்சு. அமைதின்னா சம்மதம்னு மேல இருக்கறவங்க நெனச்சாங்க. பிப்ரவரியில டெல்லி ராம்லீலா மைதானத்துல ஜெயப்பிரகாஷ் நாராயணன் கூட்டம். ஜனங்க போகாம இருக்கணும்னு அன்னிக்கு தூர்தர்ஷன்ல 'பாபி' படத்தைப் போட்டாங்கன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க. படத்தை விட்டுட்டு ஜனம் மைதானத்துக்குப் போச்சு!

மார்ச் 20, வாக்கு எண்ணிக்கை. டெல்லியில பத்திரிகை ஆபீஸ் வாசல்ல போர்டு வெச்சு முன்னிலை எழுதுறாங்க. ராத்திரி முழுக்கக் கூட்டம் கலையல. காங்கிரஸ் பின்னடைவுன்னு எழுத எழுத ஆரவாரம். ரேபரேலியில பிரதமரே 55,202 ஓட்டுல ராஜ் நாராயணனிடம் தோத்தாங்க. அமேதியில மகன் சஞ்சய் காந்தியும் தோத்தார். உத்தரப்பிரதேசத்துல 85, பீகார்ல 54, அத்தனையிலும் காங்கிரசுக்கு ஒரு இடம் கூட இல்ல. அந்த ஆட்சிக்குக் கீழ வேலை பாத்த அதிகாரிதான் பிரதமர் தோத்துட்டார்னு அறிவிச்சார். அந்தக் கையெழுத்தை நெனச்சுப் பாருங்க. மறுநாளே நெருக்கடி நிலை வாபஸ்.

சரி, நம்ம ஊர்? அன்னிக்கு இது தென்னாற்காடு மாவட்டம். மறைக்க வேண்டியதில்ல: தமிழ்நாட்டுல 39-ல 34 இடம் அ.தி.மு.க. – காங்கிரஸ் கூட்டணிக்குத்தான் போச்சு. வடக்க கட்டாயக் கருத்தடை, வீடு இடிப்புன்னு அடி ஒவ்வொரு வாசலுக்கும் வந்துச்சு. இங்க 1976 ஜனவரி 31 வரைக்கும் மாநில ஆட்சி குறுக்க நின்னதால அந்த அளவுக்கு வரல. ஆட்சியைக் கலைச்ச பிறகு மிசாவுல உள்ள போனவங்க பட்ட பாடு, சிறையில அடிபட்ட எம்.பி. சிட்டிபாபு இறந்தது, இதெல்லாம் தணிக்கையைத் தாண்டி வெள்ளாத்தங்கரை வயக்காட்டுக்கு எப்படி வந்து சேரும்? அதனால நம்ம ஜனத்தைத் திட்டாதீங்க. வடநாட்டானுக்கு அரசியல் தெரியாதுன்னு கமெண்ட் போடுற தம்பிகளும் கொஞ்சம் யோசிங்க. அன்னிக்கு எழுதப் படிக்கத் தெரியாதவன்தான் நாட்டைக் காப்பாத்தினான்.

ஜெயிச்சா மட்டும் போதாது. பர்மாவுல 1990-ல ஆங் சான் சூகியோட கட்சி 485-ல 392 இடம் ஜெயிச்சுது. ராணுவம் நாற்காலியை விடல. இங்க விட்டாங்க. அதோட, 1978-ல 44-வது திருத்தம் கொண்டு வந்து, 'உள்நாட்டுக் குழப்பம்'னு சாக்குச் சொல்லி நெருக்கடி நிலை போட முடியாதபடி சட்டத்தையே மாத்தினாங்க. உயிர் வாழும் உரிமையை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது.

அந்தத் தம்பி இங்கதான் நிக்கிறான். தம்பி, நாளைக்குக் காலையில வாக்காளர் பட்டியலை எடுத்துக்கிட்டு உன் தெருவுல வீடு வீடாப் போ. செத்தவங்க பேரு இருக்கா, 18 வயசு ஆன பிள்ளைங்க பேரு விட்டுப் போயிருக்கான்னு பாரு. சாயங்காலம் பட்டியலோட வந்து என்னைப் பாரு.