பத்தாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகள்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா என்பது கணக்குப் பார்க்கும் நாள். படித்து முன்னேறிய நம்மவர்களின் பெயர்களை இம்மலர் பெருமையோடு தாங்கியுள்ளது, மகிழ்கிறோம். ஆயினும், ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயர்கள் எந்த மலரிலும் அச்சேறுவதில்லை. இன்று அவர்களைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

"படிப்பு ஏறவில்லை, நின்றுவிட்டான்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை அதுவன்று. பொங்கல் கழிந்ததும், செங்கற்சூளைக்கு முன்பணம் வாங்கிய குடும்பம் மூட்டை கட்டுகிறது. கோடை முடியும்வரை சூளை வேலை நடக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோ மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருகிறது. அந்நாளில் நம் பிள்ளை பெற்றோருடன் அமர்ந்து கல் அறுத்துக்கொண்டிருக்கிறான். இதில் அவனுடைய அறிவுக்குறைவு எங்கே இருக்கிறது? கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் முன்பணம் என்னும் பெயரில் அது இன்றும் பிள்ளையின் புத்தகப்பையைப் பிடுங்கிக்கொள்கிறது.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். உயர்நிலைப்பள்ளி அடுத்த ஊரில். போய்வரும் வழியிலே அச்சம். இதற்கிடையில் நூற்பாலைத் தரகர் வாசலுக்கு வருகிறார். மூன்றாண்டு உழைத்தால் திருமணத்திற்கு மொத்தத் தொகை என்கிறார். அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலப் பெயரும் இட்டார்கள். தவணை முடியுமுன் உடல்நலங்கெட்டுத் திரும்பிய பெண்கள் அத்தொகையைக் காணாமற்போனதும் உண்டு.

வறுமை மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் இயலாது. பள்ளியிலே படும் சாதி இழிவும் பிள்ளைகளை விரட்டுகிறது. 2023இல் நாங்குநேரியில் நம் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. வெளியே தெரிந்தது அந்தக் கொடுமை. வெளியே தெரியாத இழிசொற்களால் ஓசையின்றி நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ!

நின்றபின் நேர்வது என்ன? காவலர் தேர்வுக்கும், குரூப் 4 தேர்வுக்கும், பாலிடெக்னிக் படிப்புக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே முதற்படி. அப்படியைத் தாண்டாதவனுக்கு இடஒதுக்கீடு ஏட்டிலுள்ள உரிமையே, கைக்கு எட்டாது. தகப்பன் பட்ட கடன் மகனுக்கு வருகிறது. தகப்பன் நின்ற சூளையிலேயே மகனும் நிற்கிறான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ 6 முதல் 14 வயது வரைதான் காக்கிறது. நம் பிள்ளைகள் தடுமாறும் வயதில் சட்டம் கையை விட்டுவிடுகிறது. அந்தக் கையை நாம்தான் பிடிக்க வேண்டும்.

எனவே இளைஞர்களை மூன்று பணிகளுக்கு அழைக்கிறோம். ஒரு பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லையென்றால், நான்காம் நாள் அவ்வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருக்க வேண்டும். சூளைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளையைத் தேர்வு முடியும்வரை அரசு விடுதியில் சேர்க்க வேண்டும். இடமில்லையேல் நம் வீடுகளில் வைத்துச் சோறிட வேண்டும். தேர்வில் தவறியவரைத் துணைத்தேர்வுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு பாடத்தில் தோற்றது வாழ்க்கையில் தோற்றதாகாது.

1907இல் அண்ணல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, அவருடைய சமூகத்தார் கூட்டம் கூட்டிப் பாராட்டினர். ஒரு பிள்ளையின் தேர்ச்சியை ஊர் முழுவதும் தன் தேர்ச்சியாகக் கொண்டது. நம் தெருப் பிள்ளை நிற்கும்போதும், அதை நம் எல்லோருடைய தோல்வியாகக் கொள்வோம். அடுத்த விழா மலரில், நின்று மீண்டும் பள்ளிக்குத் திரும்பியவர்களின் பெயர்கள் தனிப்பக்கமாக வரட்டும்.

ஜெய்பீம்!