பெருநாள் விடுமுறை: உயிரோடு விளையாடாதீர்!

(கரிக்கலாம்பாக்கத்தில் நடைபெற்ற இளைஞர், வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரை)

  

2025இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31, திங்கட்கிழமை வந்தது. சனி, ஞாயிறைச் சேர்த்தால் மூன்று நாள் விடுமுறை. தொழுகை முடிந்தது, பிரியாணி முடிந்தது, கடை ஷட்டரும் இறங்கியது. அடுத்து நம் இளைஞர்கள் எங்கே கிளம்புகிறார்கள்? கடலுக்கு, ஆற்றுக்கு, மலைக்கு. போகட்டும், மகிழ்ச்சியை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் போனவன் ஜனாஸாவாகத் திரும்பினால் அவன் தாயாருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் இங்கிருந்து எவ்வளவு தூரம்? அதனருகே கெடிலம் ஆற்றில், 2022 ஜூன் 5 அன்று, தடுப்பணை நீரில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கி இறந்தார்கள். ஒரே நாளில் ஏழு மையித்துகள்! அது அடுத்த சமுதாயத்தின் துக்கம் என்று ஒதுங்க முடியுமா? நம் பிள்ளைகள் இறங்குவதும் அதே மாதிரி ஆறுகளில்தானே!

தடுப்பணை நீர் மேலே அசையாமல் கிடக்கும். அடியில் மணல் அள்ளிய பள்ளம் இருக்கும். முழங்கால் ஆழத்தில் நிற்பவன் அடுத்த அடியில் தலைக்கு மேல் நீரில் இருப்பான். அவனைப் பிடிக்க நண்பன் குதிப்பான். நண்பனைப் பிடிக்க தம்பி குதிப்பான். நீச்சல் தெரியாத பாசம் கூட்டமாகச் சாகடிக்கிறது, சகோதரர்களே! தென்பெண்ணையானாலும், சங்கராபரணியானாலும், பாகூர் ஏரியானாலும் இதே கதைதான்.

அப்படியானால் பார்த்துக்கொண்டு நிற்பதா? இல்லை. வியாபாரிகளே, உங்கள் லோடு வண்டியில் தார்ப்பாய் கட்டும் நைலான் கயிறு கிடக்கிறதே, அதை வீசுங்கள். மூடியிட்ட காலித் தண்ணீர் கேனை வீசுங்கள். அது மிதக்கும், பிடித்துக்கொள்வான். எதுவும் இல்லையா? கைலிகளை முடிந்து, கரையில் படுத்துக்கொண்டு நீட்டுங்கள். வெளியே எடுத்தவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சின் நடுவே அழுத்திக்கொண்டே இருங்கள். ஒருவர் 108ஐ அழைக்கட்டும்.

கடலில் அலை உடையாமல், கலங்கலாகத் தெரியும் இடம்தான் பெரும்பாலும் உள்ளே இழுக்கும். சிக்கியவன் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவான். கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி விலகிய பிறகு திரும்ப வேண்டும்.

மலைக்குப் போகிறவர்கள் குரங்கணியை மறக்காதீர்கள். தேனி மாவட்டத்தில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் மாண்டார்கள். அந்தப் பருவத்தில் புல் காய்ந்து கிடக்கும். வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் கால் வைக்காதீர்கள். ஒரே பைக்கில் மூன்று பேர் போவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

'எல்லாம் தக்தீர்' என்பார்கள் சிலர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்னவர்கள் நமது நபி (ஸல்) அவர்கள். நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்வதைத் திருக்குர்ஆன் (2:195) தடுக்கிறது. மூழ்கி இறப்பவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற ஹதீஸ், பறிகொடுத்த குடும்பத்துக்கு ஆறுதல். அதைக் காட்டி ஆற்றில் குதிக்க யாருக்கும் அனுமதி கிடையாது.

அரசுக்குப் பொறுப்பில்லையா? பள்ளமுள்ள இடத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை, ஒரு கயிறு, ஒரு மிதவை வைக்க எத்தனை கோடி வேண்டும்? புதுச்சேரியில் 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லை. கேட்க நமக்கு வார்டு உறுப்பினர் இல்லையென்றால் ஆணையரைக் கேட்போம். கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கும் பொதுப்பணித் துறைக்கும் தரவேண்டிய மனு இதோ மேசையில் இருக்கிறது. உங்கள் ஊரில் ஆபத்தான படித்துறை எது, பள்ளம் எது என்று எழுதிக் கையொப்பமிட்டு விட்டுப் போங்கள். நீச்சல் தெரிந்த இளைஞர்கள் பெயரைத் தனித்தாளில் எழுதுங்கள். பெருநாளன்று அஸருக்குப் பின் ஆற்றங்கரையில் நிற்க ஆள் தேவை.