மின்காந்த அலையால் வெடிகுண்டை அடக்க முடியுமா?

பினாங்கில் கட்டடம் எழுப்ப நிலத்தைத் தோண்டும்போது போர்க்காலக் குண்டு அகப்பட்டது என்ற செய்தி அவ்வப்போது வருவதுண்டு. பட்டர்வொர்த் வாசிகளுக்கு அதன் காரணம் தெரியும். 1941 டிசம்பரில் இங்குள்ள விமானத் தளத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. இன்றும் ஒரு குண்டு கிடைத்தால் காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவினர் அருகில் போய்த்தான் ஆக வேண்டும். விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்தும், தூரத்தில் நின்று ஒரு பொத்தானை அமுக்கி அதை அடக்க வழியில்லையா? நியாயமான கேள்விதான். வழி உண்டு, ஆனால் எல்லாக் குண்டுக்கும் இல்லை.

கல் குவாரிகளில் பாறைக்கு வெடி வைக்கும் இடத்தில் 'வாக்கி டாக்கியையும் கைத்தொலைபேசியையும் அணைக்கவும்' என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். ஏன் தெரியுமா? மின்சார டெட்டனேட்டருக்குள் மிக மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் அது சூடேறும், உடனே வெடிக்கும். டெட்டனேட்டரோடு இணைந்த வயர், வானொலியின் ஏரியல் போல, காற்றில் வரும் அலையை வாங்கி மின்சாரமாக்கக் கூடியது. குவாரிக்காரர்கள் எதற்கு அஞ்சுகிறார்களோ, அதையே வேண்டுமென்று செய்வதுதான் இந்தப் புதிய முறை. கண நேரத்தில் மிகுந்த சக்தியுள்ள மின்காந்த அலையை வீசினால், புதைந்திருக்கும் குண்டு ஆள் நெருங்கும் முன்பே வெடித்துவிடும். இல்லாவிட்டால் அதன் மின்சுற்று கருகிவிடும்.

இதைக் களத்தில் சோதித்துப் பார்த்த நாடு கொலம்பியா. அங்கே கெரில்லாக்கள் கைக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு கண்ணிவெடி செய்தார்கள். இரும்பு குறைவாக இருந்ததால் உலோகம் கண்டறியும் கருவி ஏமாந்து போனது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத் தொழில்நுட்பக் கழகமும் கொலம்பியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆராய்ந்தன. வடிவம் பலவானாலும் வயர் எல்லாவற்றிலும் இருக்கிறதே, அதையே பிடித்துக்கொண்டார்கள். சராசரியாக 20 மீட்டர் தூரத்திலிருந்து வெடிக்க வைக்க முடிந்தது என்று 2011இல் அறிவித்தார்கள். இருபது மீட்டர்தானா என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றுபவருக்கு அது கால் போவதற்கும் இருப்பதற்கும் உள்ள தூரம்.

ஆனால் இதே கருவியை ஊருக்குள் கொண்டு வந்தால் என்ன ஆகும்? 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். ஆர்.எஸ்.புரத்தில் வெடிபொருள் நிரப்பிய கார் ஒன்று மட்டும் வெடிக்காமல் நின்றது. அதைச் செயலிழக்கச் செய்ய நிபுணர்களுக்குப் பல நாள் பிடித்தது. அங்கே அலையை வீசியிருந்தால் சுற்று கருகுமா, கார் வெடிக்குமா? முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. வெட்டவெளிச் சாலையில் எது நடந்தாலும் பாதகமில்லை. வீடுகள் நெருங்கிய தெருவில் அப்படியா? தவிர, அலைக்குக் கண் கிடையாது. செபராங் ஜெயா மருத்துவமனைக்குப் பக்கத்தில் அதை இயக்கினால் குண்டின் சுற்றையும் நோயாளியின் இதயக் கருவியையும் அது பிரித்துப் பார்க்காது.

இந்நாட்டில் யாழ்ப்பாணத்து வேரோடு வாழும் குடும்பங்கள் பல. அவர்கள் கேட்பது முகமாலையைப் பற்றி. யாழ் குடாநாட்டின் வாசலான அவ்வூரில் போர்முனை ஆண்டுக்கணக்கில் நின்றது. 2009 மே மாதம் போர் முடிந்தும் நிலத்துக்கடியில் மிதிவெடிகள் மிஞ்சின. அங்கே புதைத்தவற்றில் பி-4 போன்றவை பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பவை. காலின் பாரம் பட்டதும் ஊசி இறங்கி வெடிக்கும். பேட்டரியும் இல்லை, வயரும் இல்லை. எத்தனை பலமான அலையை வீசினாலும் அது பேசாமல் கிடக்கும். பட்டர்வொர்த்தின் பழைய குண்டுகளில் ஊசியால் வெடிப்பவற்றின் கதையும் இதுதான்.

இலங்கை 2017இல் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அதற்குள்ள கெடு 2028 ஜூன். அலைக்கருவிக்காகக் காத்திருக்காமல் அங்கே வேலை நடந்து வருகிறது. ஹேலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளில் சேர்ந்து இதைச் செய்பவர்களில் பலர் பெண்கள், அதிலும் போரில் கணவரை இழந்தவர்கள் உண்டு. முகக்கவசம் அணிந்து, முழங்காலிட்டு, மண்ணை மெல்ல மெல்ல வாரி விலக்குகிறார்கள்.