பழைய கோவாவில் ஒரு வாயில்



தென் இத்தாலியில் லெச்சே என்றொரு நகரம் உண்டு. பரோக் எனப்படும் அணி மிகுந்த கட்டடக்கலைக்கு அது பெயர் பெற்றது. அங்குக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் மென்மையானது. உளி பட்ட இடமெல்லாம் பூவும் கொடியும் ஆயின. அக்கலையை நம் நாட்டில் காண விழைவோர் செல்ல வேண்டிய ஊர் பழைய கோவா. அங்குள்ளதோ செம்புரைக்கல். கரடான அக்கல்லில் நுண்வேலை நில்லாது. ஆகவே அழகு ஆலயத்தினுள்ளே, பொன் பூசிய மரப்பீடங்களில் குடிபுகுந்தது.

போம் ஜேசு பேராலயம் 1605இல் அருட்பொழிவு பெற்றது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே உழைத்து, 1545இல் மயிலாப்பூரிலும் தங்கிய சவேரியாரின் உடல் அங்கே இருக்கிறது. அதனைத் தாங்கும் பளிங்குப் பீடம் ஃபிளாரன்சுச் சிற்பி பொஜ்ஜினியின் படைப்பு, 1698இல் நிறுவப்பெற்றது. தமிழகத்திலிருந்து செல்வோர் அதனை வணங்கித் திரும்புகின்றனர். அருகே தனித்து நிற்கும் ஒரு வாயிலின் முன் நிற்பவர் சிலரே.

அது தூய பவுல் கல்லூரியின் வாயில். கொள்ளைநோய்கள் நகரைக் காலி செய்தன. 1843இல் தலைநகர் என்னும் தகுதியும் முறைப்படி பனாஜிக்குச் சென்றது. கல்லூரி அழிந்தது, முகப்பு வளைவு மட்டும் எஞ்சியது. இந்தியாவின் முதல் அச்சுப்பொறி 1556இல் வந்து சேர்ந்தது அக்கல்லூரிக்கே. 1577இல் அதே கோவாவில் தமிழ் எழுத்துகள் உலோகத்தில் வார்க்கப்பெற்றன. மறு ஆண்டு கொல்லத்தில் புதிய எழுத்துகள் வார்த்து, அன்றீக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பட்டது. பதினாறே பக்கங்கள், எனினும் இந்திய எழுத்துகளில் இம்மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே.

மதம் பரப்ப வந்த கருவிதான். ஆயினும் படியெடுக்க ஆளின்றி ஓலையோடு செல்லரித்துப்போகும் விதியிலிருந்து கவிஞனை மீட்கும் வழி அங்கேதான் திறந்தது.

அந்நகரின் வரலாறு அத்துடன் முடியவில்லை. தமிழுக்கு எழுத்து வார்த்த கோவாவில், 1684இல் ஆளுநர் ஆணை ஒன்று பிறந்தது: மண்ணின் மக்கள் மூன்றாண்டுகளுக்குள் கொங்கணியைக் கைவிட்டுப் போர்ச்சுகீசியம் பேசவேண்டும் என்பது அது. ஆணையிட்ட ஆட்சி 1961இல் அகன்றது. கொங்கணியோ 1987இல் கோவாவின் ஆட்சிமொழியாயிற்று. அச்சகமும் அரசும் துணை நில்லாத காலத்திலும் வீட்டிலும் வயலிலும் மக்கள் அதனைப் பேசிக்கொண்டேயிருந்தனர்.

பத்தாண்டு நிறைவுக்கு மலர் அச்சிடும் வட்டம் நினைவில் கொள்ளத்தக்கது இது: ஈய எழுத்து கவிதையைக் காக்கும், மொழியைக் காப்பது பேசுவோரின் நாவே. அந்தப் பாழ்வாயில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.