வீட்டுத் திண்ணையில் ஒரு பள்ளி

தொழிலின் பொருட்டு எல்லை கடந்து குடியேறிய குடும்பங்களில், குழந்தைக்கு ஐந்து வயது நிரம்பும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. பள்ளியில் கற்பிக்கும் மொழி வேறாக இருக்கையில், தாய்மொழியை நம் பிள்ளை எங்கே கற்பது? வீட்டிலேயே கற்பிக்கலாமெனில் எவ்வாறு தொடங்குவது? இக்கேள்விக்கு விடை தேட நாம் மறையூருக்குச் செல்வோம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையில் அமைந்தது மறையூர். சந்தனக் காடும், பெருங்கற்காலத்து முனியறைகளும், கரும்புத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். இதனையும் காந்தளூர் முதலிய சிற்றூர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பர். முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தனர் என்பது இங்குள்ளோர் வழிவழியாகக் கூறும் செய்தி. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு இணைந்தது. எனினும் வயலிலும் வீட்டிலும் தமிழ் நின்றது.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பேச்சுமொழி தானே நிற்கும். எழுத்து தானே நில்லாது. தாயின் மடியில் பேச்சு வந்துவிடுகின்றது. எழுத்தையோ ஒருவர் அமர்ந்து கற்பிக்க வேண்டும். தேவிகுளம் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. எனினும் எல்லாப் பிள்ளைகளும் அவற்றில் பயில்வதில்லை. தமிழ் பேசிக்கொண்டே தமிழ் படிக்கத் தெரியாமல் வளரும் பிள்ளைக்குப் பாட்டன் எழுதிய கடிதமும் வீட்டிலுள்ள பழைய ஏடும் பூட்டிய பெட்டிகளே. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் நிலையும் இதுவே அன்றோ?

வீட்டுக் கல்வி என்றவுடன், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட எண்ணுவோரும் உளர். அவர்கள் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கின்றது. பதினான்கு வயது நிறைந்தபின், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்; தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். ஆனால் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தில், வீட்டுக் கல்வி என்னும் பெயரே பிள்ளையைக் கரும்பாலைக்கும் தோட்டத்துக்கும் அனுப்பும் வாயிலாகிவிடலாம். ஆதலின் பள்ளியை விடாமல், அதனோடு வீட்டிலும் ஒரு பள்ளியைத் தொடங்குக என்பதே நாம் கூற விரும்புவது.

அயல்மொழியைப் பகையாக எண்ணவும் வேண்டா. கேரள அரசு 2017இல் இயற்றிய சட்டத்தால் அங்குள்ள பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடமாயிற்று. அதை நன்கு கற்ற பிள்ளைக்குத் தமிழ் எழுத்து எளிது. மலை, மழை, வீடு, பால் என்னும் சொற்கள் இரண்டிலும் உள. ழகர ஒலியும் உண்டு. கே, கை முதலியவற்றில் உயிர்க்குறி முன்னே நிற்பதும் இரண்டிற்கும் பொது. ஒன்றை மட்டும் விளக்கிச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் வெவ்வேறு எழுத்துகள் காட்டும் ஒலிகளைத் தமிழில் ஓர் எழுத்தே இடத்திற்கேற்பக் காட்டும். கடல், பகல், தங்கம் என்பவற்றைச் சொல்லச் செய்தால் பிள்ளை தானே கண்டுகொள்ளும். இந்தி கற்கும் பிள்ளைக்கோ எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் புதியவை. எடு, ஏடு என்றும், ஒடு, ஓடு என்றும் இணை இணையாகச் சொல்லிக் காட்டுக.

எங்ஙனம் தொடங்குவது? முதலாவது, நேரம். நாள்தோறும் விளக்கேற்றியபின் அரைமணி நேரம் போதும். ஆயினும் அது தவறுதல் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வருத்துவதினும் இது சிறந்தது. இரண்டாவது, எழுத்தின் வரிசை. 247 எழுத்துகளையும் ஒருங்கே காட்டி அச்சுறுத்த வேண்டா. நேர்கோடும் எளிய வளைவும் உடைய ட, ப, ம என்பவற்றில் தொடங்கினால் படம், மடம், பட்டம் எனச் சில நாளிலேயே சொற்கள் பிறக்கும். முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைப் படித்துவிட்ட பிள்ளை, மறுவாரம் தானே வந்து அமரும். முப்பது முதலெழுத்துகளும் உயிர்க்குறிகளும் அறிந்தால் எஞ்சியவை தாமே விளங்கும். பழைய திண்ணைப் பள்ளியில் மணலிலே விரலால் எழுதியதை நாமும் பின்பற்றலாம். தவறினால் அழித்துவிடலாம், தாளும் வீணாகாது.

மூன்றாவது, பாடப்பொருள். அது வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கரும்பு வெட்டுவது முதல் சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, பாகினை உருண்டையாகப் பிடிப்பது வரை தந்தையிடம் கேட்டு, பிள்ளை ஐந்து வரி எழுதட்டும். உருண்டைகளை நிறுத்து விலை கணக்கிடட்டும், அது கணிதம். பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியாகிக் கரூருக்கு அருகே காவிரியிற் கலப்பதைப் படம் வரைந்து காட்டட்டும், அது புவியியல். நகரத்தில் வாழ்வோருக்குக் கடைவீதியும் புகைவண்டி நிலையமும் இவ்வாறே பாடமாகும்.

மறையூர் மலைகளுக்குக் கிழக்கே உள்ள கொடைக்கானலில், 1942 முதல் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் இத்தாலியக் கல்வியறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் தங்கியிருந்தார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒருங்கே வைத்து, செடியையும் பூச்சியையும் காட்டிக் கற்பித்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும்போது இருவருமே கற்கின்றனர். நம் வீடுகளிலும் அக்காளும் தம்பியும் உளர் அன்றோ? அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவர் மூவரையும் சேர்த்துக்கொண்டால் போட்டியும் மகிழ்ச்சியும் உண்டாகும்.

எமக்கே எழுதப் படிக்கத் தெரியாதே என்று வருந்தும் தாய்மார் உண்டு. வருந்த வேண்டா. பாட்டி கதை சொல்லட்டும். ஓரளவு எழுத்தறிந்த அண்டை வீட்டார் ஒருவர் மேற்பார்வையில் பேரப்பிள்ளை அதனை எழுதட்டும். மறுநாள் உரக்கப் படித்துக் காட்டட்டும். தாம் சொன்ன கதையைப் பேரன் படிக்கக் கேட்கும் முதியோரினும் சிறந்த தேர்வாளர் யாவர்? கணினியோ கைப்பேசியோ உள்ள வீட்டார், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலையர் பாடங்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பிள்ளை பேசும் ஊர்வழக்கை நகைத்தல் ஆகாது. அஞ்சுநாட்டுப் பேச்சில் மலையாளச் சொல் கலந்திருக்கலாம். பெங்களூர்ப் பேச்சில் கன்னடம் கலந்திருக்கலாம். அதைப் பிழையென்று ஒருமுறை நகைத்துவிட்டால், அப்பிள்ளை தமிழில் வாய்திறக்கவே நாணும். பேசுவது பேசுக, எழுதுவதைப் பொறுமையாகத் திருத்துக. ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதச் செய்து, அதனை ஓராண்டு பாதுகாத்து வையுங்கள். ஆண்டின் முடிவில் முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பிள்ளையே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பின்னர் ஊரிலுள்ள பாட்டனாருக்கு அது தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதட்டும்.