விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன்

உத்தியோகத்தின் பொருட்டோ, படிப்பின் பொருட்டோ பிறந்த ஊரை விட்டு வெகு தொலைவில் குடியேறியவர்கள் நம்மில் பலர். அவ்வாறு புறப்பட்டு, பல நகரங்களில் வாழ்ந்து, பௌதிக சாஸ்திரத்திற்குப் பெருந்தொண்டு செய்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். உள்ளூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு. பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. சென்னையில் ரசாயனச் செய்முறை கற்பிக்கும் பணியில் இருந்தபோது, பகல் உணவு வேளையில் மாணவர்கள் தம்மிடம் எந்த ஐயத்தையும் கேட்கலாம் என்று ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். 

1920-இல் கல்கத்தா சென்றார். 1923-இல், அங்குள்ள இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி மாணவரானார்.

1928 பிப்ரவரியில் அங்கு நடந்த சோதனை உலகறிந்தது. சூரிய ஒளியைத் தொலைநோக்கியின் கண்ணாடி வில்லையால் குவித்து, நீல ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியின் வழியே, மாசு நீக்கிய திரவத்தினுள் செலுத்தினர். சிதறி வரும் ஒளியை, அந்நிறத்தை முற்றும் தடுக்கும் மற்றொரு வடிகட்டியின் வழியே நோக்கினர். ஒன்றுமே தெரியக் கூடாத இடத்தில் மங்கிய ஒளி தெரிந்தது. ஒளி தன் நிறத்தையே மாற்றிக்கொண்டிருந்தது! ஏறக்குறைய அறுபது திரவங்களில் இதைச் சரிபார்த்தனர். ‘நேச்சர்’ பத்திரிகையில் வந்த அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் இருந்தன. ஆயினும் அந்த உண்மை ராமன் விளைவு என்றே வழங்கலாயிற்று. 1930-இன் நோபல் பரிசும் ராமனுக்கே உரியதாயிற்று.

கிருஷ்ணனோ, அந்தப் புகழின் நிழலில் தங்கிவிடவில்லை. 1928 டிசம்பரிலேயே டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்றார். சத்தியேந்திரநாத் போஸ் பணியாற்றிவந்த இடம் அது. அங்கே கிருஷ்ணன் மேற்கொண்டது வேறொரு துறை. சிறிய படிகம் ஒன்றை மெல்லிய இழையில் கட்டி, காந்தப் புலத்தில் தொங்கவிட்டால் அது திரும்பும். அத்திருப்பத்தை நுட்பமாக அளந்தால், படிகத்தினுள் மூலக்கூறுகள் எத்திசையில் அடுக்கப்பட்டுள்ளன என்று கணிக்கலாம். விலையுயர்ந்த கருவிகளைக் காட்டிலும் நிதானமான கையும் தெளிந்த கணிதமுமே இதற்கு வேண்டுவன. எல்லோர் வீட்டிலும் புழங்கும் நாப்தலினைப் போன்ற பொருள்களின் அமைப்பு இவ்வழியில் விளங்கிற்று. 

1933-இல் மீண்டும் கல்கத்தா, 1940-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினர் பதவி, 1942-இல் அலகாபாத். 1947-இல் புது தில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் முதல் இயக்குநரானார். 1954-இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 1958-இல் பட்நாகர் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவரும் அவரே. 1961 ஜூனில் காலமானார். வாழ்நாளின் பெரும்பகுதியை வெளி மாகாணங்களில் கழித்தும், விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுவதை அவர் கைவிடவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் பிறந்த மண்ணிலிருந்து விலகி வளர்கிறார்களே என்று நாம் கவலைப்படுவதுண்டு. கூட்டாகச் செய்த பணியில் தம் பெயர் பின்னே நின்றுவிட்டதே என்று மனம் சோர்வதும் உண்டு. அவ்வேளைகளில், பெரும்புகழ் பிறரைச் சேர்ந்த பின்னரும், டாக்காவில் ஒரு படிகத்தை இழையில் தொங்கவிட்டுப் பொறுமையுடன் அளந்துகொண்டிருந்த அம்மனிதரை நினைத்துப் பாருங்கள்.